ஆய்வுப் பயிற்சியும் ஆய்வாளர் உருவாக்கமும்: ஹெவ்லொக் வீதியை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

கடந்த கால் நூற்றாண்டுக் காலத்திலே நமது பல்கலைக்கழகங்களின் அன்றாட வாழ்விற் புதிதாக வந்து நிலைகொண்டுவிட்ட சொற்களுள் ‘செயலமர்வு’ என்பதும் ஒன்றாகும். ஆய்வுமுறையியற் செயலமர்வு, ஆய்வு முன்மொழிவு எழுதுதற் செயலமர்வு, புள்ளிவிபரப் பகுப்பாய்வுச் செயலமர்வு என்றவாறு துறைகளின் அறிவித்தற் பலகைகளிலே மாதந்தோறும் ஏதேனுமொன்று தொங்கிக்கொண்டிருக்கும். விரிவுரையாளர்களுக்கு ஒன்று, முதுமாணி, முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்ட மாணவர்களுக்கு மற்றொன்று, இரு சாராருக்கும் பொதுவாக இன்னுமொன்று. சான்றிதழ்களின் தொகை பெருகிய அளவிற்கு ஆய்வேடுகளின் தரமும் உயர்ந்துள்ளதா என்னும் வினா ஆசிரியர் ஓய்வறைகளிலே தேநீர் வேளையில் எழுவதுண்டு. பெரும்பாலும் அது கேலியோடு முடிந்துவிடும். அக்கேலியின் பின்னாலுள்ள சமூக நியாயத்தைச் சிறிது நிதானமாக நோக்குவதே எமது எண்ணம்.

நோக்குவதற்கு ஓர் இடம் வேண்டும். எமக்கு அண்மையிலுள்ள இடத்தையே எடுத்துக்கொள்கிறோம். தும்முல்லைச் சந்தியிலிருந்து தெற்கு நோக்கிப் பாமன்கடை வரை செல்லும் ஹெவ்லொக் வீதி, 1890 முதல் 1895 வரை இங்கே தேசாதிபதியாக இருந்த ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கியது. (இவரே பின்னர் சென்னையிலும் ஆளுநராக விளங்கினார். தமிழர் வாழும் இரு கரைகளையும் ஒரே கையால் ஆண்ட கனவான்களுள் ஒருவர்.) வீதியின் வடமுனைக்கு அப்பாற் கொழும்புப் பல்கலைக்கழகமும், பிலிப் குணவர்தன மாவத்தையிலே தேசிய சுவடிகள் கூடமும் உள்ளன. ஹெவ்லொக் டவுனை ஒட்டிய சுலைமான் டெரஸிலே, 1977 இல் உருவான சமூக விஞ்ஞானிகள் சங்கம் நெடுங்காலமாக இயங்கிவந்துள்ளது. தெற்கே வந்து மேற்குப் புறமாகத் திரும்பினால் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலே கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் உள. தமிழ்ச் சங்கமும் இலங்கைப் பல்கலைக்கழகமும் 1942 ஆம் ஆண்டாகிய ஒரே ஆண்டிலே தோன்றியவை என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ ஒரே வீதியின் இரு அந்தங்களிலே இருந்தும், ஆய்வாளரை உருவாக்கும் பணியில் இவ்விரு மரபுகளும் கைகோத்துக்கொண்ட சந்தர்ப்பங்கள் மிகச் சிலவே. பல்கலைக்கழகத்திலே முறையியல் உண்டு, அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் உண்டு. சங்கத்திலே தமிழ் மூலங்களும் அவற்றை அறிந்தவர்களும் உண்டு, அங்கே முறையியல் என்ற பேச்சு இல்லை. இப்பிளவுதான் எமது கட்டுரையின் பொருள்.

சில காலத்துக்கு முன்னர் கொழும்பிலே இரு நாட்கள் நடைபெற்ற ஒரு பயிற்சிச் செயலமர்விலே நாமும் கலந்துகொண்டோம். நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, எந்நிறுவனம் நடத்தியிருந்தாலும் அது அவ்வாறே நடந்திருக்கும். வந்திருந்தவர்களிற் பாதிப்பேர் தமிழ்மொழி மூலம் கற்றுத் தமிழிலேயே ஆய்வேடு எழுதுபவர்கள். திரையிற் காட்டப்பட்டவை அனைத்தும் ஆங்கிலம். ஆய்வுப் பிரச்சினை, கருதுகோள், மாதிரி எடுத்தல், வினாக்கொத்து, ஐந்து படி அளவுகோல், எஸ்பிஎஸ்எஸ் என்று வரிசையாக எல்லாம் வந்தன. இரண்டாம் நாள் மாலையிலே, பாடசாலை ஆசிரியையாகப் பணிபுரிந்துகொண்டே முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவுசெய்திருந்த ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். 1930களின் தமிழ்ப் பத்திரிகையொன்றிலே பெயரின்றி வெளிவந்த செய்தியொன்றை எழுதியவர் யாராயிருக்கலாம், அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எவ்வாறு தீர்மானிப்பது என்பதே அது. வளவாளர் சிறிது யோசித்துவிட்டு, பெயரற்ற மூலங்களை உசாத்துணைப் பட்டியலில் எவ்வாறு பதிவதென விளக்கினார். அவர் திறமையற்றவர் அல்லர். தமது துறையிலே நன்கு பயின்றவர். ஆனால் கேட்கப்பட்டது ஒன்று, விடையாகக் கிடைத்தது வேறொன்று. நம்பகத்தன்மை பற்றிய வினா பதிவு வடிவம் பற்றிய வினாவாகச் சுருங்கிற்று. இச்சுருக்கம் தற்செயலானது என நாம் கருதவில்லை.

இத்தகைய நிகழ்வுகள் இல்லாதிருந்த காலத்திலே ஆய்வாளர் எவ்வாறு உருவாயினர்? சுவாமி விபுலாநந்தரின் பின் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையை வழிநடத்திய க. கணபதிப்பிள்ளையும், அவர் வழிவந்த சு. வித்தியானந்தனும் லண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். அடுத்த தலைமுறையினரான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் சென்றனர். அங்கே அவர்களுக்கு வழிகாட்டிய ஜோர்ஜ் தொம்சன் கிரேக்கப் பேராசிரியர். தமிழறிஞர் அல்லர். பண்டைக் கிரேக்கச் சமூகத்தைப் பொருள்முதல்வாத நோக்கில் ஆராய்ந்து அவர் எழுதியவை, வீரயுகப் பாடல்களையும் பண்டைய நாடகத்தையும் எவ்வாறு வினவுவது என்பதற்கு முன்மாதிரியாக அமைந்தன. கைலாசபதியின் வீரநிலைக் கவிதை பற்றிய நூல் 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்து 1970 இற் பட்டம் பெற்றார். தமிழ் மூலங்களை மாணவர் கொணர, வினாக்களை ஆசிரியர் கொணர, இரண்டும் மோதுமிடத்திலே ஆய்வு பிறந்தது எனலாம்.

தொம்சனைப் பற்றி மேலும் ஒரு செய்தி இவ்விடத்திலே பொருந்தும். 1930களின் முற்பகுதியிலே அயர்லாந்தின் கால்வேயிற் பணியாற்றியபோது அவர் கிரேக்கத்தை ஐரிஷ் மொழி மூலமாகவே கற்பித்தார். பேச்சுமொழி என்று இகழப்பட்ட ஒரு மொழியிலே உயர்கல்வி சாத்தியம் என அவர் நம்பினார். நமது நாட்டுத் தமிழ் மாணவர் இருவரை அவர் அவ்வளவு எளிதாகப் புரிந்துகொண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது எமது ஊகம்.

ஆயினும் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமிலேதான் ஆய்வாளராயினர் என்று கொள்வது தவறு. 1954 இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் விவாதங்கள் அவர்களுக்கு முதற் பயிற்சிக் களமாயின. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரனின் ஆசிரியராயிருந்து, நாளாந்தம் பிறர் எழுத்தைச் செப்பனிட்டவர். சிவத்தம்பி பாடசாலை ஆசிரியராகவும் பாராளுமன்றத்திலே சமகால மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். இன்னொருவர் பேசி முடிக்குமுன் அவர் கருத்தை மற்றொரு மொழிக்குக் கடத்தும் தொழிலைவிடக் கடுமையான எண்ணப் பயிற்சி வேறென்ன உண்டு?

இங்கே பழமையைப் போற்றுவது எமது நோக்கமன்று. அம்முறை மிகச் சிலருக்கே உரியதாயிருந்தது. புலமைப்பரிசில் பெற்றுக் கப்பலேறியோர் எண்ணத்தக்க சிலர். அவர்களுள் பெண்கள் அரிது, மலையகத்தவர் அதனினும் அரிது. மேற்பார்வையாளர் நல்லவராயின் மாணவர் தப்பினார், அல்லாவிடிற் பத்தாண்டு கழிந்தும் ஆய்வேடு அலுமாரியிற் கிடந்தது. ஆகவே உயர்கல்வி விரிவடைந்தபோது, தனிமனிதரின் நல்லெண்ணத்தில் மட்டும் தங்கியிராத நிறுவன ரீதியான பயிற்சி அவசியமாயிற்று. 1974 இல் யாழ்ப்பாண வளாகம், 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகம், 1990களின் நடுப்பகுதியிலே தென்கிழக்கு எனத் தமிழ்மொழி மூலக் கல்வி பரவியமை ஜனநாயகப் பேறேயாகும்.

பயிற்சி நிறுவனமயமாகிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்தியாவிலே 1986 இன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987 முதல் விரிவுரையாளர் பயிற்சிக் கல்லூரிகள் தோன்றின. இங்கே கொழும்புப் பல்கலைக்கழகத்திலே 1997 இல் விரிவுரையாளர் பயிற்சிக்கென ஒரு நிலையம் அமைந்தது. ஏனைய பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன. பின்னர் தகுதிகாண் விரிவுரையாளர் பணியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு அத்தகைய அறிமுகப் பயிற்சி நிபந்தனையாயிற்று. மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகளுக்கான உயர்கற்கை தேசிய நிலையம் 2005 இல் உருவாகி, கலாநிதிப் பட்ட ஆய்வுகளுக்கு நிதியும் முறையியற் பயிற்சியும் வழங்கலாயிற்று. இந்நிதியின்றி ஆய்வேட்டை முடித்திருக்க முடியாதவர்களை நாம் அறிவோம். அதனை மறைப்பது நேர்மையாகாது. இதே காலத்திலே உலக வங்கிக் கடனில் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்றிட்டங்கள் வந்தன. 2017 இல் ஆரம்பமான அண்மைய திட்டத்தின் பெறுமதி 10 கோடி அமெரிக்க டொலர்.

கடன் கொடுப்பவருக்கு எண்ணிக்கை வேண்டும். எத்தனை நிகழ்வுகள், எத்தனை பங்குபற்றுநர், எத்தனை ஆய்வுச் சுருக்கங்கள் என்பவற்றை எண்ணலாம். ஒரு மாணவியின் மனத்திலே ஒரு வினா கூர்மையடைந்ததை எண்ண முடியாது. எனவே எண்ணத்தக்கதே நடைபெறலாயிற்று. பதவியுயர்வுக்கான புள்ளித்திட்டம் இதனை மேலும் இறுக்கியது. 2011 முதல் அடிப்படைச் சம்பளத்தின் 25 சதவீதமாக வழங்கப்படலான ஆய்வுப் படியும் இவ்வோட்டத்திற் சேர்ந்தது. ஆய்வைப் பொறுத்தவரை, அது சமூகத்துக்கு எதனை விளக்குகிறது என்பதை அதன் பயன்மதிப்பு எனலாம். எத்தனை புள்ளிக்கு அதனை மாற்றிக்கொள்ளலாம் என்பது பரிவர்த்தனை மதிப்பு. பயிற்சி நிகழ்வுகள் இரண்டாவதனைக் கற்பிப்பதிலே கைதேர்ந்துவிட்டன. பதினைந்து நிமிடம் வாசித்து ஐந்து நிமிடம் வினாவுக்கு விடும் ஆய்வரங்கு அதன் உச்ச வடிவம். (அந்த ஐந்து நிமிடத்தையும் தலைவர் தமது உரையிலே எடுத்துக்கொள்வது நமது மரபு.)

ஆய்வுமுறை என்பது எப்பொருளுக்கும் பொருத்தக்கூடிய நடுநிலைக் கருவி என்ற கருத்துநிலையும் இந்நிகழ்வுகளோடு உடன்வருகிறது. வினாக்கொத்தும் ஐந்து படி அளவுகோலும், தனிமனிதரின் அபிப்பிராயங்களைக் கூட்டினாற் சமூகம் கிடைத்துவிடும் என்ற ஓர் எடுகோளிலே நிற்கின்றன. சில வினாக்களுக்கு அது போதும். நிலவுடைமை, கூலியுழைப்பு, சாதி, இனத்துவம் ஆகியன ஒன்றையொன்று ஊடறுக்கும் வரலாற்றுப் பிரச்சினைக்கு அது போதாது.

இதனை விளக்க ஹெவ்லொக் வீதிக்கே மீள்வோம். இன்று உயர்மாடிக் குடியிருப்புகளும் விற்பனைத் தொகுதியும் நிற்கும் ஹெவ்லொக் சிற்றி வளாகம், முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த நிலமாகும். 1933 இல் அவ்வாலையிலே நடைபெற்ற வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தோற்றுவாய்களுள் ஒன்று. அதனை வழிநடத்திய கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். தொழிலாளரிற் பெருந்தொகையினர் மலையாளிகள். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் தலைவராயிருந்த ஏ. ஈ. குணசிங்கவின் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றது. இந்தியத் தொழிலாளருக்கு எதிரான இனவுணர்ச்சி வர்க்க ஒற்றுமையை அறுக்கும் கத்தியாயிற்று. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிக் குமாரி ஜயவர்தன எழுதி 1972 இல் வெளிவந்த ஆங்கில நூல் இக்காலப்பகுதியைக் கற்போர் தவிர்க்க முடியாததாகும்.

மேலே குறிப்பிட்ட ஆசிரியையின் வினா இந்த ஆலையைப் பற்றியதே. அன்றைய தமிழ்ப் பத்திரிகை உலகம் இவ்வேலைநிறுத்தத்தை எவ்வாறு கண்டது என்பதை அவர் ஆராய முற்பட்டிருந்தார். வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் தோன்றியவை. இரண்டும் அப்போது இளம் பத்திரிகைகள். ஒன்று இந்திய வணிகரின் முதலீட்டிலும் மற்றது உள்நாட்டுப் பெருமுதலாளியொருவரின் நிறுவனத்திலும் பிறந்தவை. இவ்வேறுபாடு செய்தியின் தொனியைத் தீர்மானித்ததா? குணசிங்கவோடு சேர்ந்து இயங்கிப் பின்னர் அவரது இந்திய எதிர்ப்பினாற் பிரிந்து, 1930களிலே மலையகத் தொழிலாளரை அமைப்பாக்கிய கோ. நடேசய்யரின் எழுத்துக்களோடு இச்செய்திகளை ஒப்பிட வேண்டாமா? 1924 இல் அவர் தொடங்கிய தேசபக்தனின் மொழிநடையை அறிந்தவருக்கே, பெயரற்ற ஒரு பத்தியை எழுதியவர் எப்பாசறையைச் சார்ந்தவர் என்று ஊகிக்கும் செவி வாய்க்கும். நடேசய்யர் பற்றி 1988 இல் நூலெழுதிய சாரல்நாடன் பல்கலைக்கழகப் பதவியில் இருந்தவர் அல்லர் என்பது மனங்கொளத்தக்கது.

இவ்வாய்வுக்கு வேண்டிய பயிற்சியை எண்ணிப் பாருங்கள். சுவடிகள் கூடத்திலே தொழில் திணைக்களக் கோவையொன்றைக் கேட்டுப் பெறும் முறை, பழைய பத்திரிகைத் தாளை உடையாமற் புரட்டும் கை, அரசாங்க ஆங்கிலத்தின் மௌனங்களை வாசிக்கும் பழக்கம், சிங்களம், ஓரளவு மலையாளம், பத்திரிகை உடைமை பற்றிய அரசியற் பொருளாதார அறிவு. இவற்றுள் ஒன்றையும் இரு நாட் செயலமர்விலே பெற முடியாது. சுவடிகள் கூடம் அமைந்துள்ள வீதி, 1933 இன் போராட்டக்காரருள் ஒருவராகிய பிலிப் குணவர்தனவின் பெயரையே தாங்கியிருக்கிறது. செயலமர்வு நடந்த மண்டபத்திலிருந்து அங்கே முச்சக்கர வண்டியிற் போய்விடலாம். எவரும் அழைத்துச் செல்லவில்லை.

வேறு முறைகள் நமது மரபிலேயே இருந்துள்ளன. திருநெல்வேலியிலே நா. வானமாமலை கூட்டிய நெல்லை ஆய்வுக் குழு அத்தகையது. பல்கலைக்கழகப் பதவியேதும் வகியாத அவர், கல்லூரி ஆசிரியரையும் மாணவரையும் இயக்கத் தோழரையும் ஒருங்கிருத்திக் கட்டுரை வாசிக்கச் செய்தார். விவாதத்திற் சிதைந்து மீண்டும் எழுதப்பட்டவை 1969 முதல் வெளிவந்த ‘ஆராய்ச்சி’ இதழின் பக்கங்களை நிரப்பின. ஆய்வை ஒரு கூட்டுத்தொழிலாகக் கொண்டமையே அக்குழுவின் வெற்றி. யாழ்ப்பாணத்திலே 1980 இல் ஆனைக்கோட்டைப் பெருங்கற்காலப் புதைகுழியை அகழ்ந்த பல்கலைக்கழகக் குழுவினை மற்றோர் உதாரணமாகக் காட்டலாம். கா. இந்திரபாலாவும் பொ. இரகுபதியும் மாணவரும் அங்கே மண்ணிற் குனிந்து நின்று கற்றனர். குறியீடுகள் ஒரு வரியும் பிராமி எழுத்து ஒரு வரியுமாக அமைந்த முத்திரை அங்கேயே கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்தது. தமிழ்மொழி மூல ஆய்வுப் பயிற்சியின் நலிவைப் பேசுவோர், அதன் மூலப்பொருள்களும் மனிதரும் எவ்வாறு சிதறடிக்கப்பட்டனர் என்பதை ஒதுக்கிவிட்டு முறையியலை மட்டும் பேசுதல் ஆகாது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பழைய இதழ்களையும் நூல்களையும் மின்வடிவிலே சேகரித்துவருவது இப்பகைப்புலத்திலே நோக்கத்தக்கது. ஆயின் அதனை உசாவத் தெரிந்த மாணவர் எத்துறையிலே பயிற்றப்படுகிறார்?

இவ்வாறு எழுதும்போது ஒரு நியாயமான தடையை எமது நண்பர் பலர் எழுப்புவர். நேரம் எங்கே என்பது அது. பட்டப்பின் கற்கைநெறிகள் பெரும்பாலும் கட்டணம் அறவிடப்படுவனவாகிவிட்டன. மாணவர் வார நாட்களிலே தொழில் செய்து வார இறுதியில் வருபவர்கள். விரிவுரையாளரோ பரீட்சை விடைத்தாள்களினிடையே புதைந்திருப்பவர். 2012 ஜூலை முதல் ஒக்ரோபர் வரை பல்கலைக்கழக ஆசிரியர்கள் பணியைப் புறக்கணித்து, தேசிய உற்பத்தியில் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரியமை ஆய்வுப் பயிற்சியோடு நேரடித் தொடர்புடைய போராட்டமேயாகும். அக்கோரிக்கை நிறைவேறவில்லை. ஓய்வு நேரமற்ற மாணவருக்கும் மூச்சுவிட முடியாத மேற்பார்வையாளருக்கும் இடையிலே, மலிவாகக் கிடைக்கும் இட்டுநிரப்பியாகச் செயலமர்வு நிற்கிறது. ஆகவே செயலமர்வைத் திட்டிக்கொண்டிருத்தல் போதாது. வரைவொன்றை வாசித்து விமர்சிக்கும் மணித்தியாலங்கள் வேலைப்பளுவிலே கணக்கிடப்பட வேண்டுமெனப் பீடச் சபைகளிற் கோருதல் வேண்டும். அது தொழிற்சங்கக் கோரிக்கையும் புலமைக் கோரிக்கையும் ஆகும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என நாம் சிலர் கருதினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, வெள்ளவத்தையிலே ஒரு வீட்டு மேல்மாடியிற் கூடுகிறோம். ஒருவருடைய ஓர் இயல் மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். இரு வாரங்களுக்கு முன் எல்லோர் கையிலும் அது இருக்க வேண்டும். எழுதியவர் முதல் ஒரு மணித்தியாலம் வாய் திறக்கலாகாது. தமிழிலேயே பேச வேண்டும், தமிழில் இல்லாத கலைச்சொல்லை அங்கேயே ஆக்கிப் பார்க்க வேண்டும். சான்றிதழ் இல்லை. இரு பேராசிரியர்கள் வந்து, தமது கட்டுரையையும் கிழிக்கக் கொடுத்தனர். மூவர் இரண்டாம் கூட்டத்தின்பின் வரவேயில்லை. முதற் கூட்டத்துக்குக் கொண்டுவந்த கருதுகோளை ஆசிரியை கைவிட்டுவிட்டார். இரு பத்திரிகைகளும் உடைமை வேறுபாட்டின்படி பிரிந்து நின்றன என்ற எளிய விடையை அவர் திரட்டிய நறுக்குகளே மறுத்தன. அவரது இரண்டாம் இயலிலே ஆலைத் தொழிலாளர் தமக்குள்ளே எம்மொழியிற் பேசினர், எதனை வாசித்தனர் என்ற புதிய வினா எழுந்துள்ளது. அதன் பொருட்டுப் பழைய மலையாள அச்செழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொழும்பிலே இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.